மொழிவழி இணைய நெறிப்படுத்தல்

மொழிவழி இணைய நெறிப்படுத்தல் என்பது, ஓர் இணையத்தளம் தன்னிடம் வருபவரின் மொழியைத் தானே கணித்து, அம்மொழிப் பக்கத்தைத் திறந்து கொடுக்கும் முறை. நாட்டை வைத்து மொழியைக் கணிப்பதில் உள்ள பிழை, இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தெளிவாகத் தெரியும்.

செயல்முறை

மொழியை அறிய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உலாவியின் மொழிப்பட்டியல். பக்கத்தைக் கேட்கும்போதே, பயனர் விரும்பும் மொழிகளை உலாவி வரிசைப்படுத்தி அனுப்புகிறது. ஒவ்வொரு மொழிக்கும் 0 முதல் 1 வரை மதிப்பிடலாம். தமிழுக்கு 1, ஆங்கிலத்துக்கு 0.8 என்றிருந்தால், தமிழ்ப் பக்கம் இல்லாதபோது மட்டுமே ஆங்கிலப் பக்கம் வரும். 1997இல் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 நெறிமுறையில் இந்த ஏற்பாடு இடம்பெற்றது. தமிழின் குறியீடு ‘ரி-ஏ’. இலங்கைத் தமிழைத் தனித்துக் காட்ட ‘எல்-கே’ என்ற நாட்டுக்குறியும் சேரும்.

இரண்டாவது, இணைய நெறிமுறை (ஐ.பி.) முகவரியைக் கொண்டு நாட்டை அறிந்து மொழியை ஊகிப்பது. மூன்றாவது, பயனர் முன்பு தெரிவுசெய்த மொழியை நினைவுக் கோப்பில் (குக்கி) வைத்திருந்து, அடுத்த வருகையில் அதையே பின்பற்றுவது. பயனரே தெரிவுசெய்தது என்பதால் இதற்கே முதலிடம் தர வேண்டும்.

குடாநாட்டு நிலை

இலங்கை அரசியலமைப்புக்கு 1987இல் நிறைவேறிய 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாக வகுத்தது. ஆக, சட்டம் மொழியை மாகாண வாரியாகப் பார்க்கிறது. நாட்டை மட்டும் பார்க்கும் நெறிப்படுத்தலுக்கோ வடக்கே உள்ள பருத்தித்துறையும் தெற்கே உள்ள மாத்தறையும் ஒன்றே. ‘இலங்கை என்றால் சிங்களம்’ என அமைத்த தளம், குடாநாட்டின் சாவகச்சேரியில் இருப்பவருக்கும் சிங்களப் பக்கத்தையே காட்டும். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் யாழ்ப்பாணத்தாருக்கு அதே முறை ஆங்கிலத்தைக் கொடுக்கும்.

உலாவிப் பட்டியலும் எப்போதும் கைகொடுப்பதில்லை. கைப்பேசியை ஆங்கில அமைப்பிலேயே விட்டுவைப்பவர் தமிழில் வாசிக்க விரும்பினாலும், தளத்துக்கு அவர் ஆங்கில வாசகராகவே தோன்றுவார்.

ஒருங்குறி (யூனிகோட்) பரவுமுன் தமிழ்ப் பக்கத்துக்கு வந்து சேர்வது மட்டும் போதவில்லை. பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த பக்கம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. பின்னர் முகவரிக்கும் தமிழ் வந்தது: 2010இல் ‘.இலங்கை’ என்ற உயர்நிலை ஆள்களப் பெயர் நடைமுறைக்கு வந்தது. முகவரியைத் தமிழில் தட்டச்சிட்டு வருபவருக்குத் தமிழ்ப் பக்கத்தைத் தருவதில் ஐயத்துக்கு இடம் குறைவு.

குறைகளும் தீர்வும்

பக்கங்களைத் திரட்டும் தேடுபொறியின் தானியங்கி பொதுவாக மொழிப்பட்டியல் எதையும் அனுப்பாது. ஆகவே, எல்லாரையும் கணித்த மொழிக்குக் கட்டாயமாகத் திருப்பிவிடும் தளத்தின் தமிழ்ப் பக்கங்கள் தேடலில் அகப்படாமல் போகக்கூடும். இதனால் ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கொடுத்து, அவற்றின் தொடர்பைப் பக்கக் குறிமுறையில் காட்டுகின்றனர். இக்குறிமுறையைக் கூகிள் 2011இல் அறிமுகப்படுத்தியது.

கணிப்பு தவறினால் வாசகர் தாமே மொழியை மாற்றிக்கொள்ள, ஒவ்வொரு பக்கத்திலும் மொழித் தெரிவு இருக்க வேண்டும். அதில் மொழிப்பெயர் அந்தந்த மொழியின் எழுத்திலேயே அமைய வேண்டும். சிங்களப் பக்கத்தில் வந்து நிற்கும் தமிழர் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தமிழில் கண்டால்தான் அதை அழுத்துவார்.