இல்லப் பராமரிப்பும் அரசும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முதியோரையும் வலுவிழந்தோரையும் பராமரித்தல் நெடுங்காலமாகக் குடும்பத்தின் கடமையாகவே கருதப்பட்டு வந்தது. குடும்பம் கைவிட்டவிடத்துத் தர்மமும், தர்மம் தவறியவிடத்து ஏழையர் இல்லமும் அக்கடமையை ஏற்றன. பொதுப்பணத்தைக் கொண்டு ஒருவரை அவரது சொந்த வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் பொறுப்பினை அரசு ஏற்கத் தலைப்பட்டது இருபதாம் நூற்றாண்டிலேயே ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இம்மாற்றம் நிகழ்ந்த வரலாறு இருவகையில் ஆராயத்தக்கது. பராமரிப்பைப் பெறுவோர் நிறுவனங்களிலிருந்து எவ்வாறு விடுபட்டனர் என்பது ஒன்று. அவ்விடுதலையைச் சாத்தியமாக்கிய பராமரிப்பாளரின் உழைப்பு ஏன் நெடுங்காலம் உழைப்பாகக் கணிக்கப்படவில்லை என்பது மற்றையது. பின்னையதை விலக்கிவிட்டு முன்னையதை விளங்கிக்கொள்ளல் இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் ஆதரவற்ற முதியோரின் இறுதிப் புகலிடம் கவுண்டி எனப்படும் உள்ளூராட்சிப் பிரிவுகள் நடத்திய ஏழையர் இல்லமே. நோயாளர், முதியோர், மனநோயுற்றோர் யாவரும் அங்கு ஒருங்கே அடைக்கப்பட்டனர். அங்கு செல்ல நேருதல் பெரும் இழிவாகக் கருதப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1935 இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் வறிய முதியோருக்கு உதவிப்பணம் வழங்க வழிவகுத்தது. பொது நிறுவனங்களில் வாழ்வோருக்கு அவ்வுதவி கிடையாதென அச்சட்டம் விதித்தமை குறிப்பிடத்தக்கது. முதியோர் ஏழையர் இல்லத்தை விட்டு வீட்டில் வாழவேண்டும் என்பதே அதன் உட்கிடை. ஆனால் உதவிப்பணம் வாடகையையும் உணவையும் தரலாமேயன்றி, நோயுற்றவரைக் குளிப்பாட்டவோ அவருக்குச் சமைத்துக் கொடுக்கவோ மாட்டாது. அதற்கு மனிதக் கைகள் வேண்டும்.

அக்கைகளை அரசு முதன்முதலில் பெருமளவில் தேடிக்கொண்ட விதம் கவனத்திற்குரியது. 1935 இல் நிறுவப்பட்ட தொழில் முன்னேற்ற நிர்வாகம், வேலையற்ற வறிய பெண்களை வீட்டுப் பணி உதவியாளராக அமர்த்தி, நோயாளரும் முதியோரும் வாழ்ந்த ஏழை வீடுகளுக்கு அனுப்பியது. இப்பெண்களுள் பலர் முன்னர் வீட்டு வேலை செய்துவந்த கறுப்பினத்தவர். நோயாளரின் தேவையைக் காட்டிலும் வேலையற்ற பெண்களை நிவாரணப் பட்டியலினின்றும் நீக்குவதே இத்திட்டத்தின் முதல் நோக்கமாயிருந்தது. எனவே இல்லப் பராமரிப்பு ஒரு தொழிலாக அன்றி, ஏழைகளைக் கொண்டு ஏழைகளுக்குச் செய்விக்கப்படும் நிவாரணமாகவே பிறந்தது எனலாம். 1943 இல் அந்நிர்வாகம் கலைக்கப்பட்டபோது திட்டமும் மறைந்தது. அதன் பின்னணியிலிருந்த மனப்பாங்கு மறையவில்லை.

சட்டமும் அம்மனப்பாங்கை உறுதிப்படுத்தியது. 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதுமைக் காப்புறுதியிலிருந்து வீட்டுப் பணியாளரும் விவசாயக் கூலிகளும் விலக்கப்பட்டனர். ஆகக்குறைந்த சம்பளத்தை நிர்ணயித்த 1938 ஆம் ஆண்டின் நியாயமான தொழில் நியமச் சட்டமும் அவர்களுக்குக் காப்பளிக்கவில்லை. அக்காலத்துக் கறுப்பின உழைப்பாளருட் பெரும்பாலார் இவ்விரு துறைகளிலேயே இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1965 இல் மெடிக்கெயர், மெடிக்கெயிட் ஆகிய மருத்துவ உதவித் திட்டங்கள் தோன்றின. வறியோருக்கான மெடிக்கெயிட், தாதிமைப் பராமரிப்பு இல்லங்களுக்கான செலவை ஏற்பதை மாநிலங்களின் கட்டாயக் கடமையாக்கியது. வீட்டிலேயே உதவி வழங்குவதற்கோ அத்தகைய உறுதி இருக்கவில்லை. இதனால் அரசுப்பணம் நிறுவனங்களை நோக்கிப் பாய்ந்தது. ஏழையர் இல்லம் போய் அதனிடத்தில் தாதிமை இல்லம் வந்தது.

இப்போக்கிற்கெதிரான குரல் வலுவிழந்தோரிடமிருந்தே எழுந்தது. போலியோ நோயினாற் கழுத்துக்குக் கீழ் செயலிழந்திருந்த எட் றொபேட்ஸ் 1962 இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திற் சேர்ந்தார். அவரது இரும்பு நுரையீரல் இயந்திரத்தை வைக்க விடுதியில் வசதியின்மையால் வளாக மருத்துவமனையிலேயே அவர் தங்க நேர்ந்தது. அவரைத் தொடர்ந்து வந்த மாணவருடன் அவர் கட்டியெழுப்பிய இயக்கத்தின் பயனாக, 1972 இல் பேர்க்லியிற் சுதந்திர வாழ்வு நிலையம் உருவானது. தமது நாளாந்த வாழ்வை மருத்துவரும் அதிகாரிகளுமன்றித் தாமே நெறிப்படுத்தவேண்டும் என்பதும், உதவியாளரைத் தெரிவு செய்யும் உரிமையும் தமதே என்பதும் இவர்களது கோட்பாடாகும்.

1973 இல் கலிபோர்ணியா சட்டமாக்கிய இல்ல ஆதரவுச் சேவைத் திட்டம் இக்கோட்பாட்டுக்கு இடமளித்தது. எத்தனை மணிநேர உதவி தேவையென்பதைக் கவுண்டி மதிப்பிடும். சம்பளத்தை அரசு வழங்கும். உதவியாளரை அமர்த்துவதும் நீக்குவதும் உதவி பெறுபவரின் பொறுப்பு. உறவினரையும் அமர்த்தலாம். பராமரிப்பைப் பெறுபவருக்கு இது பெரும் வெற்றி. ஆயின், உதவியாளரின் தொழில்தருநர் யார் என்ற வினா இதனுள் விடையின்றிக் கிடந்தது. அரசு பணத்தைக் கொடுத்தது, பொறுப்பைக் கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது முரண்பாட்டை மேலும் கூர்மையாக்கியது. 1974 இல் காங்கிரசு வீட்டுப் பணியாளருக்கும் ஆகக்குறைந்த சம்பளச் சட்டத்தை விரிவாக்கியது. ஆனால் முதியோருக்கும் நோயாளருக்கும் 'துணையாக இருப்போர்' அதிலிருந்து விலக்கப்பட்டனர். அயலவர் ஒருவர் முதியவருக்கு அருகிலிருந்து பேச்சுத்துணை கொடுப்பது போன்ற செயலே இவ்விலக்கின்போது மனத்தில் இருந்தது. 1975 இல் தொழிற்றிணைக்களம் வகுத்த விதிகள், தனியார் முகவர் நிறுவனங்கள் அமர்த்திய முழுநேரப் பணியாளரையும் இவ்விலக்கினுள் அடக்கின. நோயாளரைத் தூக்கி, குளிப்பாட்டி, உணவூட்டிய உழைப்பு 'துணை' என்ற ஒரு சொல்லினுள் மறைந்தது.

இதற்கிடையே திட்டங்கள் விரிந்தன. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மெடிக்கெயிட் பணத்தை நிறுவனப் பராமரிப்புக்குப் பதிலாக இல்லப் பராமரிப்பிற் செலவிட மாநிலங்கள் சமஷ்டி அரசிடம் விசேட அனுமதி பெறலாயின. 1999 இல், ஒல்ம்ஸ்ரெட் வழக்கில், தகுந்த காரணமின்றி வலுவிழந்தோரை நிறுவனங்களில் ஒதுக்கி வைத்தல் 1990 ஆம் ஆண்டின் சட்டத்துக்கு முரணான பாரபட்சம் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 ஆம் நிதியாண்டளவில், நீண்டகாலப் பராமரிப்புக்கான மெடிக்கெயிட் செலவிற் பாதிக்கு மேற்பட்டது நிறுவனங்களுக்கு வெளியே செல்லும் நிலை ஏற்பட்டது.

பராமரிப்பாளரின் போராட்டமும் சமகாலத்தில் நடந்தது. 1987 இல் லொஸ் ஏஞ்சலிசில் இவர்களைத் தொழிற்சங்கமாக்கும் முயற்சி தொடங்கியபோது, கவுண்டி அவர்களது தொழில்தருநர் அன்று என நீதிமன்றம் கூறிவிட்டது. 1992 ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் பொது அதிகாரசபைகளை நிறுவ இடமளித்து இச்சிக்கலை அவிழ்த்தது. தமது உதவியாளரைத் தெரிவு செய்யும் உரிமை பறிபோகுமென அஞ்சிய வலுவிழந்தோரும், கூட்டாகப் பேரம்பேச விழைந்த தொழிலாளரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். தெரிவுரிமை உதவி பெறுவோரிடமே இருக்கும். சம்பளத்தை அதிகாரசபையுடன் தொழிற்சங்கம் பேசும். சபையில் குறைந்தது பாதி இடம் உதவி பெறுவோருக்குரியது. 1999 இல் ஏறத்தாழ 74,000 தொழிலாளர் ஒரே வாக்கெடுப்பில் சங்கமாயினர். பல தசாப்தங்களில் அந்நாடு கண்ட மிகப் பெரிய தொழிற்சங்க வெற்றி அது.

எனினும் 'துணை' என்ற சொல்லின் ஆதிக்கம் ஒழியவில்லை. யமேக்காவிற் பிறந்து நியூயோர்க்கில் நெடுங்காலம் இல்லப் பராமரிப்பாளராக உழைத்த எவலின் கோக், மேலதிக நேரக் கொடுப்பனவு கோரித் தொடுத்த வழக்கில், 1975 ஆம் ஆண்டு விதி செல்லுபடியாகும் என 2007 இல் உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. 2009 இல் அவர் காலமானார். அவ்விலக்கைக் குறுக்கும் புதிய விதி 2013 இல் வகுக்கப்பட்டு, வழக்குகளைக் கடந்து 2015 இல் நடைமுறைக்கு வந்தது. 2025 யூலையில் தொழிற்றிணைக்களம் அதனை நீக்கிப் பழைய விதிக்கே மீளும் முன்மொழிவை வெளியிட்டது.

தொகுத்து நோக்குமிடத்து, வீட்டில் வாழும் உரிமையும் உழைப்புக்கேற்ற ஊதியமும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது. ஊதியத்தை உயர்த்தினால் உதவி நேரம் குறையும் என்ற வாதம் இருசாராரையும் எதிரெதிரே நிறுத்துவது. குறைந்த ஊதியத்தால் உதவியாளர் அடிக்கடி விலகிச் செல்லும்போது, அதனால் முதலிற் பாதிக்கப்படுபவர் படுக்கையிற் காத்திருக்கும் முதியவரே. இதனை லொஸ் ஏஞ்சலிசின் வலுவிழந்தோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இல்லப் பராமரிப்புக்கு நிதி ஒதுக்கும் எந்த அரசும் இருவரைப் பற்றிச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளது: கட்டிலிற் கிடப்பவர் ஒருவர், அக்கட்டிலின் அருகே நிற்பவர் மற்றவர்.