ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கு

இலவசமாக வெளியிட்ட நிரலின்மீது அதை எழுதியவருக்குச் சட்டப்படி எவ்வளவு பிடி உண்டு என்பதைத் தெளிவாக்கிய அமெரிக்க வழக்கு இது. கூட்டாட்சி வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 ஆகஸ்ட் 13 அன்று இதில் தீர்ப்பளித்தது.

வழக்குக்கு வித்திட்டது மாதிரி ரயில் பொழுதுபோக்கு. பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியரான ராபர்ட் ஜேக்கப்சனும் தன்னார்வலர்கள் பலரும் ஜேஎம்ஆர்ஐ என்ற திறந்த மூலத் திட்டத்தில் டீகோடர்புரோ மென்பொருளை எழுதினர். குட்டி எஞ்சினுக்குள் இருக்கும் சில்லை நம் விருப்பப்படி அமைக்க அது உதவும். சில்லு வகைகளுக்கென வரையறைக் கோப்புகள் உண்டு. பொறுமையைச் சோதிக்கும் வேலை அவற்றைத் தொகுப்பதுதான். மேத்யூ காட்சரின் நிறுவனம் தன் வணிக மென்பொருளுக்கு இக்கோப்புகளை எடுத்துக்கொண்டது. எழுதியவர்களின் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, மூலம் எது, என்ன மாற்றப்பட்டது என்ற விவரம் எதையும் சேர்க்கவில்லை. ஜேக்கப்சன் தேர்ந்தெடுத்த ஆர்ட்டிஸ்டிக் உரிமம் கேட்டது இவற்றைத்தான், பணத்தை அல்ல. இத்தனைக்கும், ஜேஎம்ஆர்ஐ தம் காப்புரிமையை மீறுவதாகச் சொல்லி முதலில் கட்டணம் கேட்டவர் காட்சர்.

2007இல் கலிஃபோர்னியா மாவட்ட நீதிமன்றம், உரிமத்தை மீறியது பதிப்புரிமை மீறலல்ல, வெறும் ஒப்பந்த மீறலாகவே இருக்கலாம் என்று கூறி, ஜேக்கப்சன் வழக்குத் தொடுத்துக் கேட்ட தடையாணையைத் தர மறுத்தது. கேட்க இது சிறிய வேறுபாடுதான். ஆனால் ஒப்பந்த வழக்கில் பண இழப்பைக் காட்ட வேண்டும். விலையே இல்லாத பொருளுக்கு எந்த இழப்பைக் காட்டுவது? மேல்முறையீட்டு நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றத்தின் கருத்தை ஏற்கவில்லை. உரிமத்தில் உள்ளவை நிபந்தனைகள். அவற்றைக் கடைப்பிடிக்காதவருக்கு நகலெடுக்கும் அனுமதியே இல்லை. எனவே அது பதிப்புரிமை மீறலாகலாம் என்றது. பணம் வாங்காவிட்டாலும் நற்பெயர், பயனர் பரப்பு, பிறர் செய்யும் மேம்பாடுகள் ஆகியவை ஆசிரியருக்குப் பொருளாதாரப் பயனே என்றும் கூறியது. ஜிபிஎல், எம்ஐடி போன்ற உரிமங்களை நம்பியிருந்தோருக்கு இது பெரிய வலு.

அந்த வலுவுக்கும் எல்லை உண்டு. நிபந்தனைகளைப் பின்பற்றி அதே கோப்புகளைப் பயன்படுத்தும் போட்டியாளரை ஆசிரியர் தடுக்க முடியாது.

வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. அங்கே 2009இல் மீண்டும் தடையாணை மறுக்கப்பட்டது. 2010இல் இரு தரப்பும் சமரசமாயின. ஜேக்கப்சனுக்கு 1,00,000 டாலர் தரக் காட்சர் தரப்பு ஒப்புக்கொண்டது.