இரண்டு ஆஷுரா நாட்கள்: கோவை 1800, கர்பலா 2004

காரமடையிலிருந்து தெற்கு நோக்கிச் சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் கோவை மாநகரின் கோட்டைமேட்டை அடையலாம். மேடு என்ற பெயர் நிலைத்திருக்கிறது, கோட்டைதான் இல்லை. அந்தக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடமிருந்து மீட்கும் முயற்சி ஒன்று 1800 ஜூன் 3 அன்று நடைபெற்றது. ஹிஜ்ரிக் கணக்கில் அந்நாள் 1215ஆம் ஆண்டு முஹர்ரம் பிறை 10, அதாவது ஆஷுரா நாள். அம்முயற்சி தோற்றது. அதில் ஈடுபட்டவர்களுள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கோவை, தாராபுரம் முதலிய ஊர்களில் தூக்கிலிடப்பட்டனர். முஸ்லிம்களும் இந்துக்களும் அவர்களுள் இருந்தனர்.

இராக்கின் மீது 2003 மார்ச் 20 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் படையெடுத்தபோது, நம்மவர் மேடைகளில் இந்த நிகழ்ச்சியும் திப்பு சுல்தானின் வீரமரணமும் அடிக்கடி நினைவுகூரப்பட்டன. அன்று ஸ்ரீரங்கப்பட்டணம், இன்று பக்தாத் என்றனர் பலர். நாமும் அவ்வாறே பேசினோம், எழுதினோம். ஆண்டுகள் பல கடந்த பிறகு, அந்த ஒப்பீட்டை நிதானமாக மறுபரிசீலனை செய்வது நம்மீது கடமையாகிறது. ஒப்பீட்டின் முற்பகுதி சரியானதே. பிற்பகுதியில்தான் நாம் தவறினோம்.

படையெடுப்புக்குச் சொல்லப்பட்ட காரணம்

முதலில் ஒற்றுமைகளைக் காண்போம். 1798இல் கவர்னர் ஜெனரலாக வந்த ரிச்சர்டு வெல்லெஸ்லி, மைசூர் மீது போர் தொடுப்பதற்குக் காட்டிய காரணம் பிரெஞ்சு ஆபத்து. திப்பு மொரீஷியஸ் தீவுக்குத் தூதர்களை அனுப்பிப் பிரெஞ்சு உதவியை நாடியது உண்மை. ஆனால் அதன் பயனாக மங்களூரில் வந்து இறங்கியவர்கள் ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே. 1798 ஆகஸ்டில் எகிப்தின் அபூகீர் விரிகுடாவில் நெப்போலியனின் கப்பற்படையை நெல்சன் அழித்துவிட்ட பிறகு, பிரெஞ்சுப் படை கடல் கடந்து இந்தியா வரும் வாய்ப்பு மிகவும் அருகிவிட்டது. இருந்தும் 1799 பிப்ரவரியில் போர் தொடங்கியது. மே 4 அன்று திப்பு களத்தில் வீழ்ந்தார்.

போர் முடிந்ததும் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையில் கைப்பற்றப்பட்ட கடிதங்களை வைத்து மற்றொரு வழக்குப் புனையப்பட்டது. ஆற்காட்டு நவாபுகள் திப்புவுடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்தனர் என்பதே அது. அந்தக் கடிதங்கள் குற்றத்தை நிரூபிக்கப் போதாதவை என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியரான ஜேம்ஸ் மில்லே பின்னாளில் எழுதினார். ஆனால் அதற்குள் காரியம் முடிந்துவிட்டிருந்தது. 1801 ஜூலை 31 உடன்படிக்கையால் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது.

இராக்கின் கதையும் இவ்வாறே. பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. அவ்வாறான ஆயுதக் குவியல் ஏதும் இல்லை என்பதை அமெரிக்கா அமைத்த ஆய்வுக் குழுவே 2004இல் அறிவித்தது. படையெடுப்பு கடைசி வழியாக இருக்கவில்லை என்று பிரிட்டனின் சில்காட் விசாரணை அறிக்கை 2016 ஜூலையில் கூறியது. உண்மை வெளிவந்தபோது நாடு கைமாறியிருந்தது.

விடுவிக்க வந்தவர்கள்

ஆக்கிரமிப்பாளர் எவரும் தம்மை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவித்ததில்லை. 1798 ஜூலையில் எகிப்தில் இறங்கிய நெப்போலியன், மம்லூக்குகளின் கொடுமையிலிருந்து மக்களை மீட்கவே வந்ததாகவும், இஸ்லாத்தைத் தாம் மதிப்பதாகவும் அரபு மொழியில் பிரகடனம் வெளியிட்டார். அக்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தி, அந்தப் பிரகடனத்தின் வாசகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதிலுள்ள இலக்கணப் பிழைகளையும் பொய்களையும் சேர்த்தே சுட்டிக்காட்டினார். அரபு மொழி கற்பிக்கும் நமக்கு அப்பக்கங்கள் தனிச்சுவை தருபவை. மொழியில் தடுமாறுகிறவன் நோக்கத்திலும் நேர்மையற்றவன் என்று அந்தப் பேரறிஞர் கண்டுகொண்டார்.

1917 மார்ச்சில் பக்தாதைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் தளபதி மாட், தமது படை வெற்றி கொள்பவராக அன்றி விடுவிப்பவராகவே வந்திருக்கிறது என்று அறிவித்தார். அப்படையில் பெருமளவில் இருந்தவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்கள் என்பதை மறந்துவிடலாகாது. 2003இலும் அதே சொல்தான் கூறப்பட்டது. மைசூரிலோ, பழைய உடையார் அரச மரபை மீட்டுத் தருகிறோம் என்ற பெயரில் ஐந்து வயதுக் குழந்தை அரியணையில் அமர்த்தப்பட்டது. கோவையும் தாராபுரமும் உள்ளிட்ட கொங்குப் பகுதி கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது.

இவ்விடத்தில் நம் நாட்டுக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். 1917இல் அடிமை இந்தியாவின் சிப்பாய்கள் பக்தாதுக்குள் நடத்திச் செல்லப்பட்டனர். சுதந்திர இந்தியாவோ, 2003 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் வழியே இப்போரைக் கண்டித்தது. படை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டபோது, ஜூலை 14 அன்று அதை ஏற்க மறுத்தது.

கலைக்கப்பட்ட படைகள்

மூன்றாவது ஒற்றுமை மிகவும் கவனிக்கத்தக்கது. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் அவரது படை சிதறியது. பல்லாயிரம் வீரர்கள் ஊதியமின்றி ஊர் திரும்பினர். ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலிருந்து வெளியேறிய தூந்தாஜி வாக் அவர்களைத் திரட்டிப் பெரும்படை கண்டார். அவரை அடக்க ஆர்தர் வெல்லெஸ்லிக்கு மாதங்கள் பல தேவைப்பட்டன. 1800 செப்டம்பர் 10 அன்றுதான் தூந்தாஜி கொல்லப்பட்டார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு இந்த ஆர்தரே.

2003 மே 23 அன்று அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஒரே ஆணையில் இராக்கியப் படையைக் கலைத்தார். இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் வாழ்வாதாரம் இழந்தனர். ஆயுதப் பயிற்சி உண்டு, ஊதியம் இல்லை, மானம் பறிபோயிற்று. இத்தகையோரிடமிருந்து எதிர்ப்பு எழாமல் வேறென்ன எழும்? எதிர்ப்பின் காரணம் இரு இடங்களிலும் ஒன்றே. ஆயினும் அதன் குணம் ஒன்றாக இருந்ததா? இதுவே நாம் அன்று கேட்கத் தவறிய கேள்வி.

கோவையின் ஆஷுரா

1800ஆம் ஆண்டின் கூட்டணியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். திண்டுக்கல் பகுதியின் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர், சிவகங்கையின் மருது சகோதரர்கள், மலபாரின் பழசி ராஜா, மைசூர்ப் பகுதியில் தூந்தாஜி வாக் ஆகியோர் இக்கூட்டணியின் தூண்கள். பழசி ராஜா பல்லாண்டுகள் திப்புவை எதிர்த்துப் போரிட்டவர் என்பது நினைவில் இருக்கட்டும். அவர் இப்போது திப்புவின் பழைய வீரர்களோடு ஒரே அணியில் நின்றார். பழைய பகைக்கும் முன்னே நிற்கும் பகைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அறிந்திருந்தனர்.

விருப்பாட்சியில் கூடித் திட்டமிட்டபடி, கோவைக் கோட்டையின் மீது தாக்குதல் நடத்த முஹர்ரம் விழா நாள் குறிக்கப்பட்டது. கோட்டையிலிருந்த கம்பெனிக் குதிரைப்படையில் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். அவர்கள் விழாவில் ஈடுபட்டிருப்பர் என்பதும், சிலர் தம் பக்கம் சேர்வர் என்பதும் கணிப்பு. பரமத்தியின் கானிஜஹான் கானும் முகம்மது ஹாஷமும் பெருந்துறை அப்பாஜி கவுண்டரும் இம்முயற்சியின் தலைவர்களுள் சிலர். செய்தி முன்கூட்டியே கசிந்தது. எதிர்பார்த்த உதவிப் படைகள் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. பிடிபட்ட ஹாஷம், தோழர்களைக் காட்டிக்கொடுக்க நேருமென அஞ்சித் தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டார். மார்க்கம் தற்கொலையை அனுமதிப்பதில்லை. அவர் விஷயம் அல்லாஹ்விடம். ஆனால் அவர் காக்க விரும்பிய பெயர்களுள் கவுண்டரும் நாயக்கரும் இருந்தனர் என்பது வரலாறு.

ஓராண்டுக்குப் பின், 1801 ஜூன் 16 அன்று, சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அது எல்லா வருணத்தாரையும் முஸல்மான்களையும் சேர்த்தே விளித்தது. அதே ஆண்டில் கோபால நாயக்கரும், அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். கொங்கில் எஞ்சி நின்ற தீரன் சின்னமலை 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் தூக்கிலேறினார்.

இதை முதல் விடுதலைப் போர் என்று வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட ஆங்கில நூலில் நிறுவினார். இப்பெயரை ஏற்காதவர்களும் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பாளையக்காரர்கள் தத்தம் உரிமைக்காகவும் வரிச்சுமைக்கு எதிராகவும் போரிட்டனர். மக்களாட்சி என்னும் கருத்து அவர்களிடம் இருந்திருக்க முடியாது. திப்புவின் ஆட்சியும் குறையற்றதன்று. மலபாரிலும் குடகிலும் அவரது கடுமையை அனுபவித்தவர்கள் உண்டு. ஆயினும், எவரையெல்லாம் தம்மவர் என்று கருதினர் என்பதைக் கொண்டு அளந்தால், அந்தப் போர் விடுதலைப் போர் என்னும் பெயருக்குத் தகுதி பெறுகிறது.

கர்பலாவின் ஆஷுரா

இராக்கியரும் இவ்வொற்றுமையை அறியாதவர்கள் அல்லர். ஹிஜ்ரி 1338, அதாவது 1920 ரமலானில், பக்தாதின் சுன்னி, ஷியா மக்கள் இரு தரப்பினரின் பள்ளிவாசல்களிலும் கூடி, மவ்லிதும் தஅஸியாவும் சேர்ந்து நடத்தினர். ஜூன் 30 அன்று ருமைதாவில் தொடங்கிய புரட்சி நாடெங்கும் பரவியது. பிரிட்டன் அதைக் கொடூரமாக அடக்கியது. எனினும் நேரடி ஆட்சியைக் கைவிட்டு, 1921இல் பைசலை மன்னராக்க வேண்டியதாயிற்று. 2004 ஏப்ரலில் பல்லூஜா முற்றுகையிடப்பட்டபோதும் பக்தாதின் ஷியாக்கள் இரத்தமும் உணவும் வழங்கினர். வாய்ப்பு அப்போதும் இருந்தது.

ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, ஹிஜ்ரி 1425 முஹர்ரம் 10, அதாவது 2004 மார்ச் 2 அன்று, கர்பலாவிலும் பக்தாதின் காழிமிய்யாவிலும் குண்டுகள் வெடித்து, ஹஜ்ரத் ஹுசைன் (ரலி) அவர்களை நினைவுகூர வந்த 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதன் பின்னணியில் இருந்ததாகக் கருதப்பட்ட ஸர்காவியின் குழு, அமெரிக்காவை எதிர்த்துப் போரிடுவதாகத்தான் சொல்லிக்கொண்டது. 2006 பிப்ரவரி 22 அன்று சாமர்ராவின் அஸ்கரி அடக்கத்தலம் தகர்க்கப்பட்டது. பதிலுக்குச் சுன்னிகளின் பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. ஷியா ஆயுதக் குழுக்கள் தெருத்தெருவாகப் பழிவாங்கின. தெருவில் பெயரைக் கேட்டே ஒருவன் உமரா, அலியா என்று முடிவு செய்து கொல்லும் காலம் வந்தது.

2011 டிசம்பரில் அமெரிக்கப் படை வெளியேறியது. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற நாட்டில் ஒருவரை ஒருவர் நம்புவார் குறைந்திருந்தனர். 2014 ஜூனில் மோசுல் நகரம் ஐ.எஸ். கூட்டத்தின் கையில் விழுந்ததன் வேர் அந்த அவநம்பிக்கையில்தான் இருந்தது. ஆக்கிரமிப்பாளரின் குற்றம் பெரிது. அதை நாம் சிறிதும் குறைக்கவில்லை. அவர்களே பூட்டை உடைத்தனர். ஆனால் வீட்டுக்குள் தீயிட்டவர்களுள் நம்மவரும் இருந்தனர். எதிர்ப்பு என்ற ஒரே காரணத்தால் அவர்களையும் விடுதலை வீரர் வரிசையில் சேர்த்துப் பேசியதே நாம் செய்த பிழை.

அளவுகோல்

போருக்கு அனுமதி வழங்கிய முதல் வசனங்கள் அல்ஹஜ் அத்தியாயத்தின் 39, 40 என்பது முஃபஸ்ஸிர்கள் பலரின் கருத்து. அநீதி இழைக்கப்பட்டு வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டோர்க்கே அந்த அனுமதி. அதற்குக் காரணம் கூறும்போது மடங்கள், கிறிஸ்தவ தேவாலயங்கள், யூத ஆலயங்கள் ஆகியவற்றைப் பள்ளிவாசல்களுடன் சேர்த்தே அவ்வசனம் குறிப்பிடுகிறது. பிறர் வணங்கும் இடமும் காக்கப்பட வேண்டியதே. வணங்குமிடத்தையும் வணங்குவோரையும் தகர்க்கும் போர் அந்த அனுமதிக்குள் அடங்காது.

இவ்வளவும் நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. 1997 நவம்பரில் நம் கோவையில் ஒரு காவலர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். கடைக்கு வந்தவர்களும் வழிப்போக்கர்களும் பலியானார்கள். இரு கொடுமைகளின் வடுவும் இன்னும் இந்நகரில் இருக்கிறது. நியாயமான வேதனை, குற்றமற்றவர்மீது பாய்ந்தால் என்னவாகும் என்பதை அறிய நாம் கர்பலா வரை செல்ல வேண்டியதில்லை.

நம் மாணவர்களுக்குத் திப்புவின் பெயர் தெரியும். சின்னமலையின் பெயரும் தெரியும். அவ்விருவரின் பெயர்களையும் தனித்தனி ஊர்வலங்களில் முழங்கும் காலம் இது. முகம்மது ஹாஷமையும் அப்பாஜி கவுண்டரையும் ஒரே பாடத்தில் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு நம் மதரஸாக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இருக்கிறது. அடுத்த முஹர்ரம் பத்தில், ஹுசைன் (ரலி) அவர்களின் தியாகத்தை எடுத்துரைக்கும் ஆலிம்கள், கோவைக் கோட்டையின் முன்னே அதே நாளில் தோற்றுப்போன அந்த மனிதர்களையும் ஓரிரு வார்த்தைகளில் நினைவுகூர்வார்களாயின் நன்று. வல்ல அல்லாஹ் நமக்கு நேரிய பார்வையைத் தந்தருள்வானாக.