மொறிஸ் மைனரும் மலைவழியும்: மூல எஞ்சினை மாற்றுவது பற்றிய ஒரு நோக்கு

பழைய மோட்டார் வண்டியொன்றின் மூல எஞ்சினை அகற்றி வேறொன்றைப் பொருத்தலாமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு உடைமையாளரின் செலவுக் கணக்கைச் சார்ந்ததாகவே தோன்றும். நுவரெலியா, ஹட்டன் மலைவழிகளில் ஓடிய மொறிஸ் மைனர் வண்டியைக் கொண்டு ஆராயின், அதில் வரலாற்றுச் சிக்கலொன்று அடங்கியிருத்தல் புலனாகும்.

முதற்கண், மூலம் என்பது யாது? அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. அதற்கென அவர் கருதிய எஞ்சின் கைவிடப்பட, போருக்கு முற்பட்ட மொறிஸ் எய்ட் வண்டியின் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினே பொருத்தப்பட்டது. 1952இல் மொறிஸ், ஒஸ்ரின் நிறுவனங்கள் இணைந்தன. அதன்பின் ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் அவ்விடத்தைப் பெற்றது. 1956இல் 948, 1962இல் 1098 என அது வளர்ந்தது. ஆகவே ஒரு வண்டியின் மூல எஞ்சின் என்பது, அவ்வண்டி செய்யப்பட்ட ஆண்டின் சான்றேயாகும்.

அச்சான்று மலைநாட்டிற் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவாதலின், எஞ்சினின் வலுவும் அவ்வளவிற் குன்றும். முதல் மைனரின் வலுவோ 27 குதிரைவலு மட்டுமே. தொடக்ககால வண்டிகளில் நீரைச் சுற்றிச் செலுத்தும் பம்பும் இல்லை. கம்பளையிலிருந்து றம்பொடை வழியே ஏறும் வண்டியில் நீர் கொதித்தல் இயல்பே.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. பழைய வண்டிகளையே காத்து ஓட்டவேண்டிய நிலை எழுந்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து லைனர் இறக்குவதும், கிடையாத உதிரிப்பாகத்தைக் கையாற் செய்வதும் பட்டறைக் கலைகளாயின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர், ஜப்பானிய எஞ்சின்கள் பல மைனர்களின் முகப்பினுட் புகுந்தன.

மாற்றத்தை ஆதரிப்போர், ஓடாத வண்டி வெறும் இரும்பே என்பர். அவர் கூற்றில் உண்மையுண்டு. ஆயின் வலுமிக்க எஞ்சினைப் பொருத்துவோர் இறக்கத்தையும் எண்ணுதல் வேண்டும். மைனரின் நான்கு சில்லுகளிலும் உள்ளவை பழைய டிரம் பிரேக்குகள்; அவை பழைய வேகத்துக்கென அமைந்தவை. எஞ்சினுடன் பிரேக்கையும் மாற்றி, அதற்கென உடலையும் வெட்ட நேரின், எஞ்சுவது மைனரின் ஓடு மாத்திரமே.

மறுபுறம், மூலத்தையே பற்றிநிற்போர் வேறொன்றை மறக்கின்றனர். பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற துரின் சாசனம், வண்டி தன் வாழ்நாளிற் பெற்ற மாற்றங்களையும் அதன் வரலாறாகவே மதிக்கிறது. ஹன்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம் தோட்டத் தொழிற்சாலைகளின் பழைய எஞ்சின்களைப் பேணுகிறது. அத்தகைய பேணல் பட்டறையில் மாற்றப்பட்ட எஞ்சினுக்குக் கிட்டவில்லை. அதன் முடிவு பெரும்பாலும் பழைய இரும்புக் கடையே.

எனவே தீர்ப்புக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். மூல எஞ்சின் திருத்தத்தக்கதாயின் அதனைத் திருத்துக. வெடித்துப் பயனற்றதாயின், அதே குடும்பத்து எஞ்சினை நாடுக. 803 இருந்த இடத்தில் 948 அல்லது 1098 பெரிய வெட்டின்றி அமரும். கழற்றிய எஞ்சினை எண்ணுடன் காத்துவைத்தல் வேண்டும். மாற்றிய நாளும் மாற்றியவர் பெயரும் ஏட்டிற் பதியப்படல் வேண்டும். ஏற்கனவே ஜப்பானிய எஞ்சின் ஏறிய வண்டியில் அதனைப் பிழையென்று பிடுங்கியெறியுமுன், அது எக்காலத்து நெருக்கடிக்கு விடையாக வந்தது என வினவுதல் தகும்.

மலைநாட்டின் வரலாறு தேயிலை ஏற்றுமதிக் கணக்குகளிலும் துரைமாரின் நினைவுக் குறிப்புகளிலும் நிரம்ப உண்டு. அவ்வண்டிகளை ஓடவைத்த பட்டறைத் தொழிலாளர் அவற்றில் அரிதாகவே இடம்பெறுவர். அவர்கள் கடைந்த சிலிண்டரும் பொருத்திய எஞ்சினுமே அவர்களைப் பற்றி எஞ்சியுள்ள ஆவணங்கள். மூலமோ மாற்றோ, எதனைக் கழற்றுவோரும் ஆவணமொன்றைக் கையாள்கிறோம் என்னும் உணர்வுடன் கழற்றுதல் வேண்டும்.