பொத்தானை அழுத்தியவர்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் இரவு இதயப் பிரிவில் ஒரு நோயாளியின் ஈசிஜி கோடு திடீரென்று தாறுமாறாக ஓடியது. மூத்த சிஸ்டர் டாக்டருக்காகக் காத்திருக்கவில்லை. எல்லாரையும் கட்டிலைவிட்டு விலகச் சொல்லி, டிஃபிப்ரிலேட்டரை நோயாளியின் மார்பில் வைத்து அழுத்தினார். துடிப்பு திரும்பியது. காலையில் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். அதிர்ச்சி கொடுத்தவராக டாக்டரின் பெயர் இருந்தது.

அந்தப் பொத்தானைத் தொடும் அனுமதி செவிலியருக்கு எப்போது கிடைத்தது என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை 1960-களின் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றது.

அதுவரை அங்கே மாரடைப்புக்கு முக்கிய சிகிச்சை, வாரக்கணக்கில் அசையாத படுக்கை ஓய்வு. உணவு ஊட்டியதும், உடம்பு துடைத்ததும், பெட்பேன் வைத்ததும் செவிலியர்களே. அப்படியும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 100-க்கு 30 பேர் அளவில் இறந்தார்கள். பலருக்கு இதயத்தின் கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கி, சில நிமிடங்களில் உயிர் போனது. 1956-இல் பால் சோல், மார்பைத் திறக்காமலே மின்னதிர்ச்சி கொடுத்து அந்த நடுக்கத்தை நிறுத்த முடியும் என்று காட்டினார். 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் காக்கும் முறையை வெளியிட்டார்கள். கருவியும் இருந்தது, முறையும் இருந்தது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் கட்டிலருகே டாக்டர் இல்லை. செவிலியர் இருந்தார்.

1962-இல் கான்சாஸ் நகரின் பெத்தனி மருத்துவமனையில் ஹியூஸ் டே மாரடைப்பு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அதே காலத்தில் பிலடெல்ஃபியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற மருத்துவர், ரோஸ் பின்னியோ என்ற செவிலியரோடு சேர்ந்து இன்னும் ஒரு படி மேலே போனார். ஈசிஜியைச் செவிலியரே படிக்க வேண்டும், ஆபத்து என்றால் அவரே அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறையானது. 1965-இல் அதற்கான கையேடு செவிலியர்களுக்காகவே வெளிவந்தது. அதை எழுதியவர்களில் பின்னியோவும் ஒருவர். இத்தகைய பிரிவுகள் பரவியபின், மருத்துவமனையில் மாரடைப்பால் நேரும் சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

இந்த வரலாற்றைக் கருவிகளின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது வேறாகப் படுகிறது. கருவி ஏற்கெனவே இருந்தது. மாறியது, அதை யார் தொடலாம் என்ற விதி. அந்த விதியும் பெண்களின் அறிவை மதித்து மாறியதல்ல. வேறு வழியில்லாததால் மாறியது. அதனால்தான் நள்ளிரவில் நம்மிடம் வரும் அதிகாரம், காலை ரவுண்ட்ஸில் காணாமல் போகிறது. அதே முடிவை டாக்டர் எடுத்தால் அது மருத்துவம், சிஸ்டர் எடுத்தால் 'அனுபவம்'.

அந்த இரவில் திரை மாறுவதற்கு முன்பே, நோயாளிக்கு வியர்ப்பதைப் பார்த்து சிஸ்டர் கட்டிலருகே போய் நின்றிருந்தார். உடம்பு துடைத்துத் துடைத்துப் பழகிய கண் அது. அதுவும் எந்தக் கேஸ் ஷீட்டிலும் ஏறவில்லை.

இப்போது நான் மாணவிகளுக்கு வகுப்பெடுக்கிறேன். ஈசிஜி படிக்கக் கற்றுக்கொடுத்த பிறகு ஒன்றைச் சொல்வேன்: நீங்கள் பார்த்ததை, செய்ததை, செய்த நேரத்தை எழுதுங்கள். கீழே உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.