நாடி அலையும் இடுப்பு நாடாவும்

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்திருப்பீர்கள். அங்கே விரலைத் தட்டுவது பாய்ந்து வரும் இரத்தம் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது இதயம் சுருங்கும்போது தமனிச் சுவர் வழியே ஓடிவரும் ஓர் அலை. இரத்தத்தைவிடப் பன்மடங்கு விரைவாக ஓடுவது. சுவர் நெகிழ்ந்திருந்தால் அலை மெல்லச் செல்லும்; விறைத்துவிட்டால் விரையும்.

ஒளி அலைகளை ஆராய்ந்த அதே தாமஸ் யங் 1808-இல் இதைப் பற்றி லண்டனில் உரையாற்றினார். 1878-இல் ஹாலந்தின் மோன்ஸ், கோர்ட்டெவெக் இருவரும் இதற்கான சூத்திரத்தை அமைத்தனர். 1922-இல் பிராம்வெல்லும் ஏ. வி. ஹில்லும் மனித உடலிலேயே இவ்வேகத்தை அளந்து, தமனியின் நெகிழ்ச்சியை அறியலாம் என்று காட்டினர். கழுத்துக்கும் தொடைக்கும் இடையே நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் அலை ஓடினால் இன்றைய மருத்துவர்கள் எச்சரிக்கையாகின்றனர்.

நீரிழிவு நோயாளிகளுக்கு இவ்விறைப்பு வயதுக்கு முந்தியே வந்துவிடுகிறது. மிகுதியான சர்க்கரை, சுவரிலுள்ள கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவது ஒரு காரணம். வெயிலில் கிடந்து இறுகிய ரப்பர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு துடிப்பின் அதிர்ச்சியும் தணியாமலே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

கொழுப்பை அளந்த கதையோ வேறு. பெல்ஜிய வானியலாளர் அடால்ஃப் கெட்லே தேடியது 'சராசரி மனிதனை'. வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது என்று 1832-இல் கண்டார். பருமனைப் பற்றி அவர் கவலைப்படவில்லை! 1972-இல் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ், ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,400 பேரை ஆராய்ந்து, அக்கணக்குக்கு உடல் நிறைக் குறியெண் என்று பெயரிட்டார். அத்தனை பேரும் ஆண்கள்.

இதற்குள் 1947-லேயே மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் வேறொன்றைச் சொல்லியிருந்தார். கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதே முக்கியம். இடுப்புக்கு மேலே திரண்ட கொழுப்போடுதான் நீரிழிவும் தமனி நோயும் சேர்ந்து வருகின்றன என்றார். என் மதிப்பில் முதல் இடம் இவருக்கே உரியது. ஆனால் பல பத்தாண்டுகள் அவருக்குச் செவிசாய்த்தவர் சிலரே.

2004-இல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின் என்ற இரு மருத்துவர்கள். இருவர் குறியெண்ணும் 22.3, அதாவது 'சரியான எடை'. உடற்கொழுப்போ, யட்கினுக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2!

நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த பல ஆய்வுகளிலும் தமனி விறைப்பு வயிற்றுக் கொழுப்போடு சேர்ந்தே காணப்பட்டது. குறியெண்ணோ சிலவற்றில் அத்தொடர்பைக் காட்டவேயில்லை. எனவே எடை இயந்திரம் தந்த அட்டையைப் பார்த்து நிம்மதி அடையும் ஒல்லியான நீரிழிவு நோயாளி, தையற்காரரின் நாடாவையும் கையில் எடுக்கட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டதும் அளக்க வேண்டும். நம் நாட்டவருக்கு எல்லை, ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பது கணக்கில் சேராது.