பொம்மைப் பட்டறைக்கு ஆகாத பிசைமம்

பாலிமர் களிமண் என்ற பெயரில் விற்கப்படும் பொருளில் பெரும்பாலும் மண்ணே இருப்பதில்லை, பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கின் நுண்துகள்களை, அவற்றை இளக்கமாக வைத்திருக்கும் நெகிழ்வூட்டி என்ற திரவத்தோடும் நிறமிகளோடும் குழைத்துச் செய்த பிசைமமே அது. சுமார் 110 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் துகள்கள் அத்திரவத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், குயவரின் சூளை இல்லாமல் வீட்டு அடுப்பிலேயே அது இறுகுகிறது. நீர் கலவாத பொருளாதலால் மண்பாண்டம்போல் உலர்ந்து சுருங்குவதும் இல்லை.

இதன் வரலாறு ஜெர்மனியில் பாட் கோசன் நகரில் இயங்கிய காதே க்ரூஸேயின் பொம்மைப் பட்டறையோடு பிணைந்தது. கடைப் பொம்மையை வாங்கித் தர மறுத்து, நீயே செய்துகொள் என்று பின்னாளில் கணவரான சிற்பி மாக்ஸ் க்ரூஸே சொன்னதால் 1905-இல் மகளுக்காகத் துணிப் பொம்மை செய்யத் தொடங்கிய காதே, பின்னாளில் உலகறிந்த பொம்மைக் கலைஞரானார். பொம்மைத் தலைகளுக்கு உதவுமா என்று பார்க்க அப்பட்டறைக்கு வந்த பிளாஸ்டிக் பிசைமம் அத்தொழிலுக்கு ஒத்துவரவில்லை. ஃபிஃபி என்று வீட்டில் அழைக்கப்பட்ட மற்றொரு மகள் சோஃபி அதைத் தூக்கியெறியாமல், நிறங்களைச் சேர்த்து, சிற்றுருவங்களும் மொசைக் அலங்காரங்களும் செய்யத் தக்க பொருளாக வளர்த்தெடுத்தார். எபர்ஹார்டு ஃபாபர் நிறுவனம் அதை வாங்கி 1966-இல் ஃபிமோ என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. பட்டறையின் அளவுகோலுக்கு ஆகாததைத் தன் போக்கில் பிசைந்து பார்த்ததில்தான் சோஃபி தமக்குரிய வேலையைக் கண்டார் எனலாம்.

நெடுங்காலம் சிறுவர் விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்ட ஃபிமோவை அணிகலனாக உயர்த்தியவர்களுள், நியூயார்க்கில் நடனக் கலைஞராக இருந்த பியர் வோல்கஸ் முன்னிலையில் வைக்கத்தக்கவர். பெரும் சுடுமண் சிற்பங்களால் புகழ்பெற்ற பீட்டர் வோல்கஸின் மகளான அவர், தந்தையின் மண்ணை விட்டு இச்சிறு வண்ணக் கட்டியைத் தேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். எனினும் சோஃபியின் கதையோடு அது ஒத்துப்போவதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. பியரைப் போன்றோர் கையாண்ட முறைகளுள் முதன்மையானது, வெனிஸ் அருகிலுள்ள முரானோவின் கண்ணாடிக் கலைஞர்கள் பயன்படுத்திய மில்லேஃபியோரி. பல நிறப் பிசைமங்களைப் பூ வடிவம் குறுக்குவெட்டில் தெரியும்படி கற்றையாக அடுக்கி, எல்லாப் பக்கமும் சீராக அழுத்தி நீட்டினால், உள்ளிருக்கும் வடிவம் கலையாமலேயே தடிப்பு மட்டும் குறைகிறது. மெல்லிய கத்தியால் வெட்டும் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ வருகிறது. அழுத்தம் ஒருபுறம் மிகுந்தால் இதழ்கள் கோணிவிடும் என்பதால் அவசரக்காரர்களுக்கு இவ்வேலை சரிப்படாது.

1991-இல் நேன் ரோச் என்ற பெண்மணி எழுதிய 'புதிய களிமண்' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல் இம்முறைகளைத் தொகுத்து அளித்தது. 2011-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ரஸீன் கலை அருங்காட்சியகம் பாலிமர் கலைக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது.